‘இன்னும் ஓடுதே சார்!’

தொலைக்கட்டுப்பாட்டுக் கார் வைத்திருக்கும் மாணவர்களிடமிருந்து என் காதில் அடிக்கடி விழும் வாக்கியம் இது. கார், கூடைப்பந்துத் திடலின் கம்பத்தில் மோதியிருக்கும். உள்ளே இருந்த மின்கலனின் ஓரம் நசுங்கியிருக்கும். அல்லது தட்டையாக இருந்த மின்கலன் குட்டித் தலையணைபோல உப்பியிருக்கும். “இதை இனிமேல் பயன்படுத்தாதே” என்று சொன்னால், “இன்னும் ஓடுதே சார்!” என்று பதில் வரும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிபட்ட லித்தியம் மின்கலன் காரை ஓட்டுகிறது என்பது, அது பாதுகாப்பாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. நாம் எதை அறிய விரும்புகிறோமோ அதைத்தான் ஒரு சோதனை அளக்க வேண்டும். கார் ஓடுகிறதா என்று பார்ப்பது, மின்சாரம் வருகிறதா என்பதை மட்டுமே காட்டும். உள்ளே என்ன கிழிந்திருக்கிறது என்பதைக் காட்டாது.

உள்ளே என்னதான் இருக்கிறது? பொழுதுபோக்குக் கார்களில் பெரும்பாலும் லித்தியம் பாலிமர் வகை மின்கலனே இருக்கும். ‘லைப்போ’ என்று சொன்னால் உங்களுக்கு உடனே புரியும். அதற்குள் இரண்டு அல்லது மூன்று கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கலத்திலும் நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் அடுக்கடுக்காக இருக்கும். அவை ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்வது ஒரு பிளாஸ்டிக் படலம். அது தலைமுடியைவிட மெல்லியது. இந்த அடுக்குகள் முழுவதும் எளிதில் தீப்பற்றும் ஒரு திரவத்தில் ஊறியிருக்கும். வெளியே இருப்பதோ ஒரு மெல்லிய அலுமினிய உறை மட்டுமே. உங்கள் கைப்பேசியில் இருப்பதுபோன்ற பாதுகாப்பு மின்சுற்று பெரும்பாலான ஆர்சி மின்கலன்களில் கிடையாது. எடை குறைவாகவும், ஒரே நொடியில் அதிக மின்னோட்டம் தரும்படியும் அவை செய்யப்பட்டவை.

அதில் எவ்வளவு ஆற்றல் அடங்கியிருக்கிறது என்று நீங்களே கணக்கிடலாம். மேலே அச்சிட்டிருக்கும் எண்களைப் பாருங்கள். 7.4 வோல்ட், 5000 மில்லிஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். 7.4-ஐ 5-ஆல் பெருக்கினால் 37 வாட்-மணி. ஒரு மணி நேரத்தில் 3,600 வினாடிகள் என்பதால் அது 133,200 ஜூல். நம் வீட்டுக் குழாயில் 28 பாகை செல்சியசில் வரும் தண்ணீரில் ஏறக்குறைய 440 மில்லிலிட்டரைக் கொதிக்க வைக்க இது போதும். அத்தனை ஆற்றலும் சில நொடிகளில், உள்ளங்கை அளவுள்ள ஒரு பொருளுக்குள் வெளிப்பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இது மின்னாற்றல் மட்டும்தான். உள்ளிருக்கும் திரவம் எரிவதால் வரும் வெப்பம் தனி.

வேதியியல் படிக்கும் மாணவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். லித்தியம் தனிம அட்டவணையின் முதல் தொகுதியைச் சேர்ந்த உலோகம். அது தண்ணீருடன் வினைபுரியும். அதனால்தானா மின்கலன் தீப்பிடிக்கிறது? நல்ல கேள்வி. ஆனால் காரணம் அதுவன்று. நல்ல நிலையில் உள்ள லித்தியம் அயனி மின்கலனில் லித்தியம் உலோகமாக இருப்பதில்லை, அயனியாகவே இருக்கிறது. அப்படி மாற்றியதற்காகத்தான் நோபெல் பரிசே கிடைத்தது. ஜப்பானிய வேதியியலாளர் அக்கிரா யோஷினோ 1980களில் தூய லித்தியத்துக்குப் பதிலாகக் கரிமப் பொருள் ஒன்றை எதிர்முனையில் பயன்படுத்தினார். பிறகு மின்கலன்மீது கனமான இரும்புத் துண்டைப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. தூய லித்தியம் இருந்த மின்கலனிலோ கடும் வெடிப்பு ஏற்பட்டது. 2019ல் ஜான் குட்டினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம் இருவருடன் அவர் வேதியியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அப்படியென்றால் நம் காரின் மின்கலனும் அடியைத் தாங்குமே என்று நினைக்க வேண்டாம். யோஷினோ மேம்படுத்தியது வேதியியலை. மெல்லிய உறைக்குள் இன்று நாம் திணித்திருக்கும் ஆற்றலின் அளவு வேறு கதை.

சேதமடைந்த மின்கலனில் நடப்பது இதுதான். நசுங்கிய இடத்தில் தகடுகள் தொட்டுக்கொண்டால் அங்கே குறுக்குச்சுற்று ஏற்பட்டுச் சூடு பிறக்கும். ஏறக்குறைய 100 பாகையை நெருங்கும்போது எதிர்முனைமேல் இருக்கும் பாதுகாப்புப் படிவு சிதையத் தொடங்கும். அதுவும் வெப்பத்தை வெளியிடும். சுமார் 130 பாகையில் பிளாஸ்டிக் படலம் உருகும். உடனே குறுக்குச்சுற்று ஒரு புள்ளியிலிருந்து கலம் முழுவதும் பரவும். அதற்கும் மேலே போனால் நேர்முனைப் பொருள் ஆக்சிஜனை வெளியிடத் தொடங்கும். எரிபொருளும் ஆக்சிஜனும் ஒரே உறைக்குள் இருப்பதால், வெளிக்காற்றைத் தடுத்து இந்தத் தீயை அணைப்பது கடினம். ஒரு கலம் பற்றினால் பக்கத்துக் கலத்தையும் அது சூடேற்றும். அப்போது வரும் புகையில் ஹைட்ரஜன் ஃபுளூரைடு போன்ற நச்சு வாயுக்கள் உண்டு.

மோதிய உடனே இது நடந்திருந்தால் யாரும் “இன்னும் ஓடுதே” என்று சொல்லியிருக்க மாட்டார்கள். சிக்கலே தாமதத்தில்தான் இருக்கிறது. படலம் பாதி கிழிந்து, தகடுகள் மயிரிழையில் விலகி இருக்கலாம். அன்று மாலை மின்னூட்டியில் செருகுகிறீர்கள். லித்தியம் அயனிகள் நுழைய நுழைய எதிர்முனையில் உள்ள கிராஃபைட் ஏறக்குறைய 10 விழுக்காடு வரை பருக்கும். அடிபட்ட இடத்தை அது உள்ளிருந்தே அழுத்தும். திடலில் ஒன்றும் ஆகாத மின்கலன் படுக்கையறையில் பற்றிக்கொள்வதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் எளிய கூட்டல் கணக்கு. இரண்டு கலங்களுக்கும் சேர்த்து முழு மின்னூட்டம் 8.4 வோல்ட், அதாவது ஆளுக்கு 4.2. அடிபட்ட கலம் பின்தங்கி 3.9-இல் நின்றால், கலங்களைத் தனித்தனியே பார்க்காத மலிவு மின்னூட்டி மொத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மற்றொன்றை 4.5 வரை தள்ளிவிடும். அடிபடாத கலம்தான் அப்போது ஆபத்தில் இருக்கும்!

காணொளிகளில் உலவும் மூன்று ‘வைத்தியங்கள்’ எனக்கு மிகவும் கவலை தருகின்றன. முதலாவது, உப்பிய மின்கலனை ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றுவது. அது காற்று அன்று. எரியக்கூடிய வாயுக்களின் கலவை. குத்தும் ஊசியே இரண்டு தகடுகளையும் இணைத்துவிடும். இரண்டாவது, முற்றிலும் இறங்கிப்போன லித்தியம் மின்கலனை, வேறு வகை மின்கலன் என்று மின்னூட்டியை ஏமாற்றி ‘உயிர்ப்பிப்பது’. மின்னூட்டி மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. மின்னழுத்தம் மிகவும் இறங்கினால் உள்ளே உள்ள செப்புத் தகடு கரையலாம். மீண்டும் மின்னேற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து குறுக்குச்சுற்றை உண்டாக்கும்.

மூன்றாவது உப்புத் தண்ணீர். அனுபவசாலிகளே இதைப் பரிந்துரைப்பதால் கொஞ்சம் விளக்க வேண்டும். உப்புநீரில் போட்டால் மின்கலன் தானாக இறங்கிவிடும் என்பது எண்ணம். ஆனால் அங்கே நடப்பது மின்பகுப்பு. நீங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்யும் அதே சோதனை! ஹைட்ரஜனும் குளோரினும் வரும். முனைகள் அரித்துப்போய் இணைப்பு அறுந்தால், உள்ளே மின்னூட்டம் மிச்சமிருக்கும்போதே இறங்குவது நின்றுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. “இரண்டு வாரம் ஊற வைத்தேன், செத்துவிட்டது” என்பதும் “இன்னும் ஓடுதே” என்பதும் ஒரே வகைத் தவறு. இரண்டுமே அளக்காமல் எடுத்த முடிவு.

சரி, மின்கலன் அடிபட்டுவிட்டது. என்ன செய்வது? அது சூடாக இருந்தாலோ, புகைந்தாலோ, ‘உஸ்’ என்று ஒலி எழுப்பினாலோ, நகப்பூச்சு நீக்கிபோல இனிப்பான வாசம் வந்தாலோ தொடாதீர்கள். விலகி நில்லுங்கள், மற்றவர்களையும் விலக்குங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் இணைப்பைக் கழற்றி, காரிலிருந்து வெளியே எடுத்து, எரியக்கூடிய எதுவும் அருகில் இல்லாத திறந்தவெளிச் சிமெண்டுத் தரையில் வைத்து, தள்ளி நின்று கவனியுங்கள். சில மணி நேரம் கழித்தும் பற்றலாம் என்பதால் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் பைக்குள் போடக்கூடாது. பிறகு முனைகளைக் காப்பு நாடாவால் ஒட்டி மூடுங்கள். கம்பிகளை வெட்ட வேண்டாம். இரண்டையும் ஒன்றாக வெட்டும் கத்தரிக்கோலே குறுக்குச்சுற்று ஆகிவிடும். உலர்ந்த மணல் நிரப்பிய உலோக வாளியில் வைப்பது நல்லது. மணல் தீயைச் சுற்றியுள்ள பொருள்களுக்குப் பரவாமல் தடுக்க உதவும், மின்கலனைக் குளிர்விக்காது. அதனால் வாளியையும் வாசற்கதவுக்கு அருகிலோ, வீவக புளோக்கின் பொது நடைபாதையிலோ வைக்காதீர்கள். தீப்பிடித்தால் எல்லாரும் வெளியேற வேண்டிய வழி அது.

வீட்டுக்குள்ளேயே பற்றிவிட்டால் வீரம் வேண்டாம். முடிந்தால் மின்விசையை அணைத்து, எல்லாரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு 995ஐ அழையுங்கள். 2019 ஜூலையில் புக்கிட் பாத்தோக் வீவக வீடொன்றில், தனிநபர் நடமாட்டச் சாதனங்கள் தொடர்பான தீயில் ஒருவர் உயிரிழந்தார். அந்தச் சாதனங்களுக்கு இப்போது யுஎல்2272 என்ற பாதுகாப்புத் தரநிலை கட்டாயம். நம் பொம்மைக் காரின் மின்கலனைப் பற்றி அந்தத் தரநிலை ஒன்றும் சொல்வதில்லை.

இப்போது பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு நல்ல மின்கலனின் விலை 40, 50 வெள்ளி. மாணவனுக்கு அது பல வாரக் கைச்செலவுப் பணம். “போன மாதம்தானே வாங்கிக் கொடுத்தேன்?” என்ற கேள்விக்குப் பயந்து, நசுங்கிய மின்கலனைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டிலுக்கு அடியில் தூசியும் பழைய புத்தகங்களும், மேலே மெத்தையும். இதைவிட மோசமான இடத்தைத் தேடினாலும் கிடைக்காது. பெற்றோரே, கார் மோதியதற்குத் திட்டுவதாக இருந்தால் மின்கலனைப் பத்திரப்படுத்திய பிறகு திட்டுங்கள்.

வீட்டில் சொல்லியாயிற்று, பத்திரப்படுத்தியும் ஆயிற்று. அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? சமையலறைக் குப்பைக் குழாயில் போட்டால் கீழே காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே விழும். பிறகு குப்பை லாரி அதை நசுக்கும். நீல நிற மறுசுழற்சித் தொட்டியும் இதற்கானது அன்று. 2021 ஜூலை 1 முதல் சிங்கப்பூரில் மின்கழிவுகளைச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளர்கள்மீது சட்டப்படி இருக்கிறது. பொது இடங்களில் மின்கழிவுத் தொட்டிகளும் உள்ளன. நன்றாக இருக்கும் பழைய மின்கலன்களுக்கு அவை பொருத்தமானவை. உப்பியதையோ நசுங்கியதையோ மற்ற நூறு மின்கலன்களோடு ஒரே தொட்டிக்குள் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தேசிய சுற்றுப்புற வாரியத்திடமோ சேகரிப்பு நிறுவனத்திடமோ பெற்றோர் முதலில் கேட்டுவிட்டுக் கொண்டுபோவதே முறை. கார் இல்லாத குடும்பம் அதைக் கூட்டமான பேருந்திலோ எம்ஆர்டியிலோ கொண்டுபோவதையும் நான் விரும்பமாட்டேன்.

அதனால்தான் இந்தப் பொறுப்பு விற்கும் கடையிலிருந்தே தொடங்க வேண்டும் என்கிறேன். 300 சதுர மீட்டருக்குக் குறையாத பெரிய மின்னியல் கடைகள் சேகரிப்பு இடம் வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பொழுதுபோக்குக் கார் விற்கும் கடைகளோ பெரும்பாலும் ஒரு வகுப்பறை அளவுகூட இல்லாதவை. ஆனால் லைப்போவைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஒரு மணல் வாளி, ஒரு உலோகப் பெட்டி, மாதம் ஒருமுறை சேகரிப்பு நிறுவனத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் இதைச் செய்ய அவர்களால் முடியும். பழைய மின்கலனைத் திருப்பித் தருபவருக்குப் புதியதில் இரண்டு வெள்ளி குறைத்தால் கட்டிலடியில் இருப்பவை தாமாகவே வெளியே வரும்.

அடுத்த முறை மின்கலன் வாங்கும்போது, காசு கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் கேளுங்கள்: “அண்ணே, இது உப்பிப்போனால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?” இல்லையென்றால், எடுத்துக்கொள்ளும் கடை எது என்றும் கேட்டுவிடுங்கள்.