சீமெந்து வாசலிலும் தேனீக்கு இடமுண்டு

நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலை மலைகள் ஆண்டு முழுவதும் பசுமையாகத் தோன்றினும், அங்கே தேனீக்கு உணவு அரிது. கொழுந்துக்காக இடைவிடாது பறிக்கப்படும் தேயிலைச் செடி பூப்பது குறைவு. நிழலுக்கும் காற்றுத் தடைக்கும் நடப்பட்ட கிரவிலியா, யூக்கலிப்டஸ் மரங்கள் பூக்குங்காலத்தில் தேன் மிகும். அக்காலம் கழிந்தாற் பஞ்சமே. அப்பஞ்சத்தைத் தணிப்பதில் லயத்தின் முன்னுள்ள சிறு சீமெந்து வாசலுக்கும் பங்குண்டு.

“குளவி கொட்டி மக்கள் மாளும் இடத்திற் தேனீயை அழைப்பதா?” என்று தோட்ட மக்கள் கேட்பர். அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. குளவிகளும், உயர்ந்த மரக்கிளைகளிலும் பாறைகளிலும் அடை தொங்கவிடும் பெரிய மலைத்தேனீக்களும் கொழுந்து பறிப்போரைத் தாக்கி உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. எனினும், கூடு கலைந்தபோதே அவை கூட்டமாய்த் தாக்குகின்றன. பூவில் மேயும் தேனீ நசுக்கப்பட்டாலன்றிக் கொட்டுவது அரிது. ஆகவே அஞ்சி விலக வேண்டியது கூட்டை, பூவையன்று. பெருங்கூட்டைக் கண்டால் கல்லெறியாமலும் புகையிடாமலும் தோட்ட நிர்வாகத்துக்கு அறிவித்தல் வேண்டும். மரப்பொந்தில் வாழும் சிறு தேனீயையும் குளவியென்று எண்ணித் தீயிட்டழிப்பது பெருந்தவறு.

அதனால் வரும் இழப்பு மரக்கறித் தோட்டத்திலேயே தெரியும். பூசணியிலும் சௌசௌவிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீ மகரந்தத்தைக் கொண்டு சேர்க்காவிடின் பிஞ்சு வெம்பி உதிரும். உரம் எவ்வளவு இட்டும் இக்குறை தீராது.

சீமெந்துத் தரையை உடைக்கத் தேவையில்லை. பழைய வாளி, தகரப்பேணி ஆகியவற்றின் அடியிற் துளையிட்டு, மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பினாற் போதும். பூச்சிமருந்து இருந்த பாத்திரங்களை மட்டும் பயன்படுத்தலாகாது. துளசி, சூரியகாந்தி, சிவப்பு சல்வியா ஆகியன ஏற்றவை. கொத்தமல்லி, கடுகு, முள்ளங்கி ஆகியவற்றில் இரண்டொரு செடிகளைப் பிடுங்காது பூக்க விடுக. அடுக்கிதழ்ப் பூக்கள் கண்ணுக்கு அழகு. தேனீக்கோ அவற்றாற் பயன் சிறிதே. பூத்திருக்கும் செடிக்கு மருந்து தெளித்தலைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க இயலாதபோது, தேனீக்கள் கூடு திரும்பிய மாலைப்பொழுதே தக்கது.

சல்வியாவின் தேனை நாடித் தேன்சிட்டும் வரும். மலைநாட்டில் வாழும், இலங்கைக்கே உரிய வெள்ளைக்கண்ணிக் குருவி சிறு பூச்சிகளைத் தின்னும். சாம்பல் சிட்டு தன் குஞ்சுகளுக்குப் புழுக்களைப் பொறுக்கிச் செல்லும். இவற்றுக்குச் சோறு இறைத்தால் எலியே பெருகும். ஆழமற்ற தட்டிற் கூழாங்கற்களிட்டு நீர் வைத்தல் போதுமானது. தேனீயும் கல்லில் அமர்ந்து பருகும். நுளம்பு பெருகாதிருக்க அந்நீரை நாள்தோறும் மாற்றுதல் அவசியம்.

ஒரு வாசலில் நாலு பேணிகள் வைப்பதாற் பெரும்பயன் விளையாது எனலாம். ஆனால் ஒரு லயத்துக் குடும்பங்கள் யாவும் அவ்வாறு வைப்பின், அவ்வரிசை முழுவதும் ஒரு பூந்தோட்டமாகும். நிலமில்லாதோரும் செய்யத்தக்க இப்பயிர்ப்பணியை ஒவ்வொரு குடும்பமும் இப்பருவத்திலேயே தொடங்குவது நன்று.