தினமும் கட்டுவதற்கு ஒரு கடிகாரம்

லட்சங்களில் விலை சொல்லப்படும் இயந்திரக் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கி, அதைப் பெட்டியில் பூட்டாமல் நாள்தோறும் கட்டிக்கொள்ள வேண்டுமென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? நண்பர்களிடையே அண்மைக் காலமாக இவ்வினா அடிக்கடி எழுகிறது. இலக்கியம் பேசுமிடத்தில் இதற்கென்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். பொருள்களோடு மனிதர் கொள்ளும் உறவும் பண்பாட்டில் அடங்கியதே என்பதால் நாம் இதைப் பேசத் துணிகிறோம்.

முதலில் ஓர் உண்மையை ஏற்றுக்கொள்வோம். நேரம் பார்ப்பதற்கு இயந்திரக் கடிகாரம் இன்று தேவையே இல்லை. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீக்கோ நிறுவனம் அஸ்ட்ரான் என்னும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதே அந்த வழக்கில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. 1970இல் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலை தந்த சுவிட்சர்லாந்துக் கடிகாரத் தொழிலில், 1980களின் நடுப்பகுதியில் எஞ்சியவர்கள் முப்பதாயிரத்துச் சொச்சம் பேர்தாம். சுவிஸ் குரோனோமீட்டர் சான்று பெற்ற கடிகாரம்கூட நாளொன்றுக்குச் சராசரியாக 4 நொடி பின்தங்கவும் 6 நொடி முந்தவும் அனுமதி உண்டு. சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரமோ மாதம் முழுவதற்கும் 15 நொடி அளவில்தான் பிசகும்.

அப்படியானால் இயந்திரக் கடிகாரத்துக்கு எஞ்சியிருக்கும் நியாயம் என்ன? ஒன்று, அதன் வேலைப்பாடு. சுருள்வில்லில் சேர்ந்த விசையைப் பற்சக்கரங்கள் வழியே கசியவிட்டு, நொடிக்கு எட்டுத் துடிப்பு என்ற கணக்கில் ஆண்டுக்கு 25 கோடிக்கும் மேற்பட்ட துடிப்புகளை அளந்து தரும் பொறி அது. மற்றொன்று, அதைப் பழுது பார்க்க முடியும் என்பது. மின்சுற்று செத்துப்போனால் தூக்கியெறியத்தான் வேண்டும். பல்லும் சக்கரமும் தேய்ந்தால் தேர்ந்த கையொன்று மாற்றிவிடும். இவ்விரண்டில் இரண்டாவதே வலுவானது என்பது நம் கருத்து. அதை விட்டுவிட்டு வேலைப்பாட்டுக்கு மட்டும் விலை கொடுப்பவர் வாங்குவது ஆபரணத்தைத்தான்.

தினசரி உழைப்புக்கு உரியதென்று ஒரு கடிகாரத்தைச் சொல்வதற்குச் சில தகுதிகள் உண்டு. தண்ணீரை எடுத்துக்கொள்வோம். முகப்பில் 30 மீட்டர் என்று எழுதியிருப்பதை நம்பி அதனோடு நீந்தக் கூடாது. அது கை கழுவுகையில் தெறிக்கும் நீரைத் தாங்கும் அளவுதான். மழைக்காலத்தில் இருசக்கர வாகனத்தில் போகிறவருக்கு 100 மீட்டர் என்ற குறிப்பாவது வேண்டும். ரப்பர் வளையங்களை அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும். அடுத்தது காந்தம். கைப்பேசியின் ஒலிபெருக்கியிலும் கைப்பையின் கொக்கியிலும் காந்தம் இருக்கிறது. மயிரிழை போன்ற சுருள் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், கடிகாரம் தலைதெறிக்க ஓடத் தொடங்கும். பிறகு வார். நம்மூர் வியர்வையில் தோல் வார் வெகு விரைவில் நாறிப்போகும். எஃகுச் சங்கிலியே ஏற்றது. அளவும் முக்கியம். வார் மாட்டும் கொம்புகள் மணிக்கட்டின் விளிம்பைத் தாண்டி நீண்டால், எத்தனை அழகான கடிகாரமும் இரவல் வாங்கியதுபோலவே தோன்றும்.

இந்த அளவுகோல்களைக் கொண்டு மூன்று கடிகாரங்களை எடைபோடுவோம். கிராண்ட் சீக்கோவின் 37.3 மில்லிமீட்டர் அளவுள்ள கைச்சாவிக் கடிகாரம் எளிமையின் உச்சம். ஒருமுறை முழுமையாகச் சாவி கொடுத்தால் 72 மணி நேரம் ஓடும். ஆனால் அதன் நீர்த்தாங்கும் திறன் 30 மீட்டரே. ஓமேகா நிறுவனத்தின் அக்வா டெர்ரா 150 மீட்டர் ஆழத்தையும் 15,000 காஸ் காந்தப் புலத்தையும் தாங்கும். தகுதிப் பட்டியலை மட்டும் பார்த்தால் அதற்கே முதலிடம். மூன்றாவது, ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரத்துச் சின் நிறுவனத்தின் 556. 38.5 மில்லிமீட்டர், 200 மீட்டர், கறுப்பு முகப்பில் வெள்ளைக் கோடுகள், வேறு எந்த அலங்காரமும் கிடையாது. மற்ற இரண்டையும்விட விலை வெகுவாகக் குறைவு.

நாம் மூன்றாவதையே தேர்வோம். அதற்கு விலை மட்டும் காரணமன்று. அதனுள்ளே ஓடும் செல்லிட்டா பொறி, உலகெங்கும் பல்லாண்டுகளாகப் புழங்கும் ஈட்டா 2824இன் வடிவமைப்பை அடியொற்றியது. அதைத் திறந்து மூடத் தெரிந்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். விலையுயர்ந்த பல நிறுவனங்களோ உதிரிப் பாகங்களை வெளியாருக்குத் தருவதில்லை. கடிகாரம் நின்றால் அவர்களிடமே அனுப்பி, அவர்கள் சொல்லும் தொகையைக் கட்டி, திரும்பி வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். பழுது பார்க்கலாம் என்பதற்காகவே வாங்கிய பொருளை ஊரில் ஒருவரும் பழுது பார்க்க இயலாது என்றால், நாம் விலை கொடுத்து வாங்கியதுதான் என்ன?

முல்லைப்பாட்டின் பாசறையில் நீர்க்கடிகாரம் பார்த்துப் பொழுது அறிவிப்பவர்கள் வருகிறார்கள். கருவி மட்டும் போதாது, அதைக் கவனிக்க ஆளும் வேண்டும் என்பது அன்றும் தெரிந்திருந்தது. 1961இல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு கடிகார உற்பத்தியைத் தொடங்கிய எச்.எம்.டி., ஜனதா போன்ற கைச்சாவிக் கடிகாரங்களை நாடெங்கும் கொண்டுசேர்த்தது. அதன் கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. எனினும் பழைய ஜனதாக்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. செய்த ஆலை போன பின்பும் அவை பிழைத்திருப்பதற்குக் காரணம், கண்ணில் பூதக்கண்ணாடி பொருத்திக் கடைத்தெரு ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். அவர்களுக்குப் பின் அந்த நாற்காலியில் யார் உட்காரப்போகிறார்கள் என்பதே விலைப்பட்டியலைவிட நம்மைக் கவலைகொள்ள வைக்கும் கேள்வி.

முதலீடாக வாங்குவதாகச் சொல்லும் நண்பர்களோடு நமக்கு உடன்பாடில்லை. கீறல் விழுந்தால் விலை குறையும் என்று அஞ்சுகிறவர் அதைக் கட்டமாட்டார்; பீரோவுக்குள்தான் வைப்பார். பேருந்து நெரிசலில் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் ஒளிக்கத் தோன்றினால், அது நம் வாழ்க்கைக்குப் பொருந்தாத விலையென்று பொருள். தொலைந்தால் வருத்தம் வரலாம், ஆனால் குடும்பம் தடுமாறக் கூடாது. அந்த எல்லைக்குள் நிற்கும் தொகையே தினசரிக் கடிகாரத்தின் உச்ச விலை.

ஆகவே, வாங்க நினைப்பவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: காட்சிக்கூடத்துக்குப் போகும் முன் உங்கள் ஊரில் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் போங்கள். வாங்க நினைக்கும் கடிகாரத்தின் பொறி இன்னதென்று சொல்லி, அதைத் திறப்பாரா, பாகம் கிடைக்குமா என்று கேளுங்கள். அவர் தலையசைத்தால் தயங்காமல் வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.