எர்ணாவூருக்குச் சுறா பயம் இல்லை!

அமெரிக்க டெலிவிஷனில் "பாப்ஸ் பர்கர்ஸ்" என்று ஒரு கார்ட்டூன் தொடர் உண்டு. கடலோர ஊரில் சிறிய சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒரு குடும்பத்தின் கதை அது. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். வீடு முழுவதும் சிரிப்புதான்.

2012-ம் ஆண்டு நவம்பரில் அத்தொடரில் ஒரு சுறாக் கதை வந்தது.

அந்த ஊரில் முன்பு ஒரு சுறாப் படம் எடுத்தார்களாம். அதில் நடித்தது இயந்திரச் சுறா. அதை ஊர்ப் பணக்காரர் ஒருவர் விலைக்கு வாங்கி வருகிறார். வேடிக்கை காட்டிக் காசு பண்ணலாம் என்பது அவர் எண்ணம். ஆனால் சுறா கட்டுக்கு அடங்கவில்லை. கிளம்பி வந்து ஊரையே கலக்கி விடுகிறது!

பார்ப்பவர்களுக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு. ஆனால் இந்தக் கேலிக்கு மூலமான படம் சிரிப்புப் படம் அல்ல. உலகத்தையே நடுங்க வைத்த படம்.

நடுங்க வைத்த படம்

அதன் பெயர் "ஜாஸ்". ஜாஸ் என்றால் தாடைகள் என்று பொருள். பீட்டர் பெஞ்ச்லி 1974-ல் எழுதிய நாவலை, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் என்ற இளம் டைரக்டர் படமாக்கினார். 1975 ஜூன் மாதம் படம் வெளிவந்தது.

இந்தப் படத்துக்கும் இயந்திரச் சுறாதான் செய்தார்கள். உப்புத் தண்ணீர் பட்டதும் அது அடிக்கடி கெட்டுப் போயிற்று. டைரக்டர் என்ன செய்தார்? சுறாவை மறைத்து வைத்தார். படத்தின் முற்பாதியில் சுறாவைக் காண்பதே அரிது. வெறும் தண்ணீர். கூடவே "டும்... டும்..." என்று இசை. அவ்வளவுதான்.

கண்ணுக்குத் தெரியாத சுறா, தெரிந்த சுறாவைவிடப் பயங்கரமாகி விட்டது! மறைத்தால் பயம் வளரும் என்பது அந்தப் படம் காட்டிய உண்மை.

படம் பார்த்தவர்கள் கடலில் இறங்கவே அஞ்சினார்கள். சுறாவைக் கொல்வது வீரம் என்று சிலர் நினைத்தார்கள். நாவல் எழுதிய பெஞ்ச்லி பிற்காலத்தில் சுறாக்களைக் காப்பாற்றப் பாடுபட்டார். ஸ்பீல்பெர்க்கும் 2022-ல் தம் வருத்தத்தைச் சொன்னார்.

யார் யாரைக் கொல்வது?

சுறா கடித்துச் சாகிறவர்கள் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 10 பேர். மனிதர்களால் சாகும் சுறாக்களோ ஆண்டுக்குச் சுமார் 10 கோடி! ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் வெளியிட்ட கணக்கு இது.

தமிழ்நாட்டு மீனவர்களுக்குச் சுறா புதிது அல்ல. பரதவர்கள் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டார்கள் என்று பட்டினப்பாலை கூறுகிறது. இன்றும் பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுறாப் புட்டு செய்து கொடுக்கிறார்கள்.

வடசென்னையில், திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே இருக்கிறது எர்ணாவூர். அங்கே குப்பத்து மீனவருக்குச் சுறாவும் ஒரு மீன்தான். அவர் அஞ்சுவது வேறு ஒன்றுக்கு.

அது என்ன?

மேயர் சொன்ன பொய்

"ஜாஸ்" படத்தில் ஒரு மேயர் வருகிறார். சுறா ஒரு பெண்ணைக் கொன்று விடுகிறது. கடற்கரையை மூட வேண்டும் என்கிறார் போலீஸ் அதிகாரி. மேயர் சம்மதிக்கவில்லை. விடுமுறைக்கு வருகிற கூட்டம் நின்றுவிட்டால் ஊர் வியாபாரம் என்னாவது என்பது அவர் கவலை. "படகு மோதிச் செத்தாள்" என்று சாவுக்கே வேறு காரணம் எழுத வைக்கிறார்கள். அதன் பிறகு ஒரு சிறுவனும் சுறாவுக்கு இரையாகிறான்.

சுறாவுக்குப் பசி. அதற்கு வேறு ஒன்றும் தெரியாது. மேயருக்கு எல்லாம் தெரியும். அப்படியானால் படத்தில் வில்லன் யார்? சிரித்து முடித்தவர்கள் சுறாவை நினைவில் வைத்திருக்கிறார்கள். மேயரை மறந்து விடுகிறார்கள். எர்ணாவூர் மறக்க முடியாது.

வாளியால் அள்ளினார்கள்

28-1-2017 அன்று, விடியும் முன், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய்க் கசிவு போன்ற கேடு எதுவும் இல்லை என்று அரசுத் தரப்பில் முதல் அறிவிப்பு வந்தது.

கடலோ வேறு சொல்லிற்று. கறுப்பாக, கூழ்போல, எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் வந்து ஒதுங்கியது. உறிஞ்சும் இயந்திரங்கள் திணறின. மீனவர்களும், கடலோரக் காவல் படையினரும், மாணவர்களும் வாளியால் அள்ளினார்கள். அள்ளிய கசடு 100 டன்னுக்கு மேல்! ஆமைகள் செத்து ஒதுங்கின.

அடுத்து என்ன? ஜனங்கள் மீன் வாங்கப் பயந்தார்கள். எது நல்ல மீன், எது எண்ணெய் பட்ட மீன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? முதல் நாளே உள்ளதைச் சொல்லியிருந்தால், கெட்ட பகுதி எது என்று தெரிந்திருக்கும். மற்ற மீனாவது விலை போயிருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்தன. அதே மாதம் 26-ந் தேதி இரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா வாயு கசிந்தது. கண் எரிந்து, மூச்சுத் திணறி ஜனங்கள் நடு இரவில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அபாயத்தை அவர்களுக்கு முதலில் அறிவித்தது மூக்குதான்!

என்ன செய்ய வேண்டும்?

"உடனே சொன்னால் பீதி பரவும்" என்று அதிகாரிகள் வாதிடலாம். பீதி பரவுவது உண்மையால் அல்ல. உண்மை வராத இடத்தில்தான் வதந்தி வரும்.

ஒரு விபத்து நடந்த உடனே ஒவ்வொரு குப்பத்திலும் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். என்ன கொட்டியது? எவ்வளவு? எந்தப் பக்கம் வருகிறது? மீன் பிடிக்கலாமா, கூடாதா? இதை எல்லோருக்கும் புரியும் தமிழில் சொல்ல வேண்டும். சரியான கணக்கு தெரியவில்லை என்றால், "தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறோம்" என்று சொல்லலாம். "ஒன்றும் இல்லை" என்று சொல்லக் கூடாது. தொழில் நின்ற நாட்களுக்கு நஷ்ட ஈடு, கேட்டு அலையாமல் வீடு தேடி வர வேண்டும்.

குழந்தைகள் சுறாக் கார்ட்டூனைப் பார்த்துச் சிரிக்கட்டும். நல்லதுதான். சிரித்தால் வீண் பயம் போகும். பெரியவர்கள் கூடவே ஒன்று சொல்லிக் கொடுக்க வேண்டும்: சுறா கடலில்தான் இருக்கிறது, மேயர்கள் கரையில் இருக்கிறார்கள்.