விசாரிக்கும் குழு யாருக்குக் கட்டுப்பட்டது?

கோவா பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் மீது மாணவிகள் பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தது 2009-இல். பல்கலைக்கழகத்தின் புகார்க் குழு விசாரித்து, புகார் உண்மை என்றது. அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2012-இல் மும்பை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் 2023 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்து, விசாரணையை மறுபடி நடத்தச் சொல்லிக் குழுவுக்கே அனுப்பிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் உடல்நலக் குறைவைச் சொல்லி அவகாசம் கேட்டபோது குழு மறுத்திருந்தது. அவர் இல்லாமலேயே அவசர அவசரமாக விசாரணையை முடித்திருந்தது. புகார் கொடுத்தவர்களுக்கு நியாயம் செய்ய வேண்டும் என்ற குழுவின் பதற்றமே கடைசியில் அவர்களுக்குக் கூடுதல் தீங்காக முடிந்தது என்பது நீதிபதிகளின் கருத்து. படித்து முடித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்தும் வயதுக்கு வந்துவிட்ட பெண்கள் பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி சாட்சி சொல்ல வேண்டிய நிலை. ஆசிரியருக்கு மறுக்கப்பட்ட அவகாசத்தின் விலையை மாணவிகள் கொடுத்தார்கள்.

கொல்கத்தாவின் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் நடந்தது இதற்கு நேரெதிர். துணைவேந்தர் மீது ஓர் ஆசிரியை 2023 டிசம்பரில் கொடுத்த புகார், காலம் கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் விசாரிக்கப்படாமலே போனது. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம் என்கிறது பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அந்த முடிவை உறுதி செய்தது. கூடவே, தன் தீர்ப்பு துணைவேந்தரின் தன்விவரக் குறிப்பில் இடம்பெற வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நடந்தது என்ன என்று எந்தக் குழுவும் ஆராயவில்லை. அவர் மீதோ அழியாத கறை. அந்த ஆசிரியைக்கும் நியாயம் கிடைக்கவில்லை, சரியாகச் சொன்னால் துணைவேந்தருக்கும் கிடைக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தரும் உரிமை புகார்தாரரிடமிருந்து பறித்துக் கொடுப்பது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒழுங்கான விசாரணை இல்லாத இடத்தில் இருவருமே தோற்கிறார்கள். ஒழுங்கான விசாரணைக்கு முதல் தேவை, யாருக்கும் கட்டுப்படாத குழு.

அது நம் கல்வி நிறுவனங்களில் இருக்கிறதா? பேச்சுவழக்கில் இன்றும் விசாகா கமிட்டி எனப்படும் உள்ளகப் புகார்க் குழுவுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள் நல்ல அமைப்பையே வகுத்துள்ளன. துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் போன்றோர் உறுப்பினராகக் கூடாது. மாணவர் தொடர்பான புகார் என்றால் தேர்தல் மூலம் வந்த மூன்று மாணவர்கள் குழுவில் இருக்க வேண்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். ஆனால் தலைவர் அதே நிறுவனத்தின் மூத்த பேராசிரியை. தன் சகாவின் மீது அவரே தீர்ப்புச் சொல்ல வேண்டும். பதவி உயர்வுக்கும் விடுப்புக்கும் எந்த நிர்வாகத்திடம் போய் நிற்கிறாரோ, அதன் பெயரைக் கெடுக்கக்கூடிய அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். எத்தனை நேர்மையானவருக்கும் இது கடினம். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 1999 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுடன் இயங்கிய அமைப்பு 2017-இல் கலைக்கப்பட்டு, நிர்வாகம் நியமித்த குழு வந்தபோது மாணவர்களும் ஆசிரியர்களும் எதிர்த்தது இதனால்தான். சென்னை கலாக்ஷேத்ராவில் 2023-இல் மாணவியர் வளாகத்தில் அமர்ந்து போராட நேர்ந்ததற்கும் உள்ளே இருந்த ஏற்பாட்டின் மேல் நம்பிக்கை போனதே காரணம். ஓர் ஆசிரியர் கைதான பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் வெளியார் குழு வந்தது. 2025 ஜூலையில் ஒடிசாவின் பாலசோரில், துறைத்தலைவர் மீது கொடுத்த புகாருக்கு நியாயம் கிடைக்காத கல்லூரி மாணவி வளாகத்திலேயே தீக்குளித்து, பின்னர் இறந்தார். அந்தக் கல்லூரியிலும் புகார்க் குழு இருந்தது.

இதையெல்லாம் காவல்துறையிடம் விட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. குற்றம் நடந்திருந்தால் காவல்துறைக்குப் போவது அந்தப் பெண்ணின் உரிமை. அதற்கு உதவுவது நிறுவனத்தின் கடமை. ஆனால் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அதே ஆசிரியர் அவளுடைய ஆய்வேட்டில் கையெழுத்திடலாமா, விடைத்தாளைத் திருத்தலாமா என்பதைப் பல்கலைக்கழகம் அன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும். விதிமுறைகள் இதற்கு இடைக்கால ஏற்பாடுகளைத் தந்திருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துவதால் யாரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. பொய்ப் புகார் பற்றிய அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஒருவரின் வாழ்நாள் உழைப்பு ஒரு சொல்லில் சரிந்துவிடும் என்ற கவலை நியாயமானது. ஆனால் நிரூபிக்க முடியாத புகார் எல்லாம் பொய்ப் புகார் ஆகாது என்று சட்டமே சொல்கிறது. நிரபராதியைக் காப்பாற்றுவதும் நல்ல விசாரணைதான். நிர்வாகம் நடத்தும் விசாரணையில் விடுதலையானவரை ஊர் நம்புவதில்லை. 2017-இல் பாலியல் தொல்லை கொடுத்ததாகச் சொல்லப்பட்ட பேராசிரியர்களின் பெயர்ப்பட்டியல் சமூக ஊடகத்தில் விவரமோ விளக்கமோ இல்லாமல் உலவியது. அந்த முறையை நான் ஏற்கவில்லை. ஆனால் நம்பத் தகுந்த கதவு ஒன்றாவது திறந்திருந்தால் அந்தப் பட்டியலுக்குத் தேவை இருந்திருக்காது. எஞ்சுவது குறுக்கு விசாரணை பற்றிய தயக்கம். எழுத்தில் கேள்விகளை வாங்கிக் குழுவே கேட்கலாம். எதிரில் உட்கார வைத்து அந்தப் பெண்ணை வதைக்கத் தேவையில்லை. கேள்வியே கூடாது என்பது மட்டும் கோவா வழக்கின் முடிவுக்குத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

துணைவேந்தர் மீதான புகார் மாவட்ட அளவிலான வெளிக்குழுவுக்குப் போகிறது. தன் கீழ் உள்ளவர்கள் தன்னை விசாரிக்க முடியாது என்பதைச் சட்டம் அங்கே ஒப்புக்கொள்கிறது. ஆராய்ச்சி நிதி கொண்டுவரும் செல்வாக்குள்ள பேராசிரியர் விஷயத்தில் அதை ஏன் ஒப்புக்கொள்ளக் கூடாது? ஆசிரியர்கள் மீதான எல்லாப் புகாருக்கும் நிறுவனத்தைச் சாராத, சட்டம் தெரிந்த ஒருவர் தலைமை ஏற்க வேண்டும். ஐந்தாண்டு முனைவர் பட்ட ஆய்வு முழுவதும் ஒரே நெறியாளரின் தயவில் இருக்கும் மாணவிக்கு மூன்று மாதக் கெடு பொருந்தாது. அவள் அந்த நெறியாளரின் பிடியிலிருந்து விடுபட்ட நாளிலிருந்து கணக்கிட வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும், காலம் ஆகும். இன்றைக்கே முடிவது ஒன்று உண்டு. அடுத்த ஆண்டு பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கப் போகும் பெற்றோர், விடுதிக் கட்டணம் எவ்வளவு என்று கேட்கும் அதே மேசையில், புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், மாணவர் உறுப்பினர்கள் தேர்தலில் வந்தவர்களா என்றும் கேளுங்கள்.