கடலில்லா ஊரில் நெய்தல் நடத்துவோர்

2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபின் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரை ஒரு சாண்கூட இல்லை. உத்திரமேரூரில் எங்களுக்கு வாய்த்த பெருநீர், கல்வெட்டுகள் வைரமேக தடாகம் எனக் குறிக்கும் ஏரிதான். அந்த ஏரியூரில் இருந்துகொண்டுதான் ஆண்டுதோறும் நெய்தல் திணையை நடத்துகிறோம்.

சென்ற மாசியில் மாணவர் சிலரோடு சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருந்தோம். டீசல் படிந்த நீர், ஐஸ் உடைக்கும் ஓசை, விசைப்படகுகளின் நெரிசல். அலைதடுப்புக் கற்களுக்கு அப்பால் ஒரு தலை எழுந்தது, மூச்சு வாங்கியது, அமிழ்ந்தது. "பங்குனி ஆமை சார், முட்டை போட வந்திருக்கு" என்றார் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். மீண்டும் எழுந்தது! மாணவர்கள் கைதட்டினார்கள், அவர்களை அடக்கவேண்டிய நாங்களும் தட்டினோம் என்பதே உண்மை.

அகநானூற்றின் 160ஆம் பாட்டில் குமுழிஞாழலார் நப்பசலையார் இந்த ஆமையின் ஈற்றைப் பாடியிருக்கிறார். அடும்பங்கொடி, வெண்மணல், முட்டையின் வட்ட வடிவு, அதன் புலால் நாற்றம் என ஒன்றையும் அவர் விடவில்லை. குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை காவல் காக்கும் என்றும் சொல்கிறார். இதை மட்டும் உயிரியல் ஒப்பாது. பெண் ஆமை நூறு முட்டையளவில் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். ஆண் கரையேறுவதே அரிது. ஏறத்தாழ ஐம்பது நாள் மணலின் சூடே அடைகாக்கிறது. இதற்குச் சமாதானம் தேடி உரை எழுதவேண்டியதில்லை என்பது எங்கள் எண்ணம். ஊரறியத் தேரில் வரும் தலைவனைப் பாடும் பாட்டுக்குப் பொறுப்புள்ள கணவன் ஒருவன் தேவைப்பட்டிருக்கலாம். மற்றவை மணலில் நின்று பார்த்த கண்ணின் சொற்கள். எது கண்டது, எது விரும்பியது என்று பிரித்தறிய மாணவனும் கரைக்கு வந்தாகவேண்டும். வகுப்பறையில் அது கைகூடாது.

வந்தால் வேறொன்றும் தெரியவரும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் இவ்வாமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான், இழுவலையில் சிக்கி மேலே வரமுடியாவிட்டால் மூழ்கிச் சாகும். அன்று நாங்கள் கண்டு மகிழ்ந்த அந்த ஒரு மூச்சுதான் அதன் உயிர். முதியவரிடம் கேட்டோம். "மாட்டும் சார். சீக்கிரம் வலையத் தூக்கினா பொழைக்கும்" என்றார், பிறகு பேசவில்லை. ஆமை தப்பிச்செல்ல வழிவிடும் கருவியை வலையில் பொருத்தலாம். மீனும் அவ்வழியே போய்விடும் என்ற அச்சம் படகுக்காரர்களுக்கு. அந்த இழப்பை அரசு ஈடுசெய்யாமல் சட்டத்தை மட்டும் காட்டிப் பயனில்லை.

1988 முதல் சென்னையில் மாணவர் அமைப்பொன்று இரவில் கரையோரம் நடந்து, முட்டைகளை எடுத்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. அடுத்த மாசியில் அந்த நடையில் சேர இருக்கிறோம். வெளிச்சம் ஆமைக்கு ஆகாது. ஆகவே நூலை எடுத்துவர வேண்டாம், பாட்டை மனப்பாடம் செய்துகொண்டு வாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறோம்.