பிளக் வயரைக் கழற்றிவிட்டு பிளேடைத் தொடுங்கள்

அடுக்குமாடிக் குடியிருப்பு, கல்லூரி வளாகம், ஊட்டி, கொடைக்கானல் விடுதிகள் என்று புல்தரை உள்ள இடங்களில் தள்ளிக்கொண்டே நடக்கும் பெட்ரோல் மோவரைப் பார்க்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டால் அதன் பிளேடில் தைரியமாகக் கைவைக்கலாம் என்று பலரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கைதான் விரல்களைக் காவு வாங்குகிறது.

இந்தச் சின்ன எஞ்சினில் தீப்பொறி உண்டாக பேட்டரி தேவையில்லை. பிளைவீலில் பதித்த காந்தம் காயிலைக் கடந்து சுற்றினாலே மின்சாரம் பிறந்துவிடும். பெரும்பாலான மாடல்களில் பிளேடு கிராங்க் ஷாஃப்டின் நுனியிலேயே நேராக மாட்டப்பட்டிருக்கிறது. எனவே அடியில் சிக்கிய புல்லை எடுப்பதற்காக பிளேடைக் கையால் சுற்றுகிறவர், தன்னையறியாமல் எஞ்சினையும் சேர்த்துச் சுற்றுகிறார். ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால் என்ன நடக்குமோ அதுவே இங்கும் நடக்கலாம். கைப்பிடி லிவரை விட்டதும் தீப்பொறியைத் தடுக்கும் ஏற்பாடு உண்டு, பல மாடல்களில் பிரேக்கும் பிடிக்கும். ஆனால் பிரேக் தேய்ந்திருப்பதோ, தீப்பொறியைத் தடுக்கும் வயர் அறுந்திருப்பதோ வெளியே தெரியாது.

ஆகவே முதல் வேலை, ஸ்பார்க் பிளக்கின் தலையில் உள்ள ரப்பர் கேப்பை இழுத்துக் கழற்றி, திரும்பவும் பிளக்கில் பட்டுவிடாதபடி ஒதுக்கிவைப்பது. சில நொடி வேலைதான். அதன் பிறகும் அலட்சியம் கூடாது. சிலிண்டருக்குள் இறுகிய காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ளினால் பிளேடு சட்டென்று பின்னால் வரும். கனமான கையுறை போட்டுக்கொண்டு, சிக்கிய புல்லைக் குச்சியால் கிளறி எடுக்க வேண்டும். மின்சார மோவர் என்றால் ஒயரை பிளக் பாயின்ட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். பேட்டரி மோவர் என்றால் பேட்டரியைக் கழற்ற வேண்டும்.

18 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு 250 கி.மீ.க்கும் அதிக வேகத்தில் பாயும். அந்த வேகத்தில் அகப்பட்ட கூழாங்கல் எங்கே போய்த் தைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் வெட்டத் தொடங்கும் முன் தரையில் கல், கம்பி, எலும்புத்துண்டு கிடக்கிறதா என்று ஒரு சுற்று நடந்து பார்க்க வேண்டும், குழந்தைகளை அப்புறப்படுத்த வேண்டும். லிவரை விட்ட 3 நொடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும் என்று அமெரிக்காவில் 1982 முதல் விதி இருக்கிறது. பிடித்துப் பிடித்துக் கை வலிக்கிறது என்று அந்த லிவரைக் கைப்பிடியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவிடுவதும் உண்டு. வலி உண்மைதான். ஆனால் கால் வழுக்கி விழும் அந்த நொடியில் பிளேடை நிறுத்த அந்த லிவரை விட்டால் வேறு வழி கிடையாது.

மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாது, பிய்க்கும். இரண்டொரு நாளில் புல்தரை முழுக்க நுனி பழுத்துப் போகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மோட்டாரைப் போடுவதற்கு முன், குனிந்து ஒரு புல்லைக் கிள்ளிப் பாருங்கள். நுனி நார்நாராகக் கிழிந்திருந்தால் குறை பிளேடில்.

சாணை பிடிக்க பிளேடைக் கழற்றும்போது ஏர் ஃபில்டரும் கார்புரேட்டரும் மேல்பக்கம் இருக்கும்படி மோவரைச் சாய்க்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் எஞ்சின் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் இறங்கிவிடும். போல்ட்டைத் திருகும்போது பிளேடு சுழலாமலிருக்க மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். பழைய சாய்விலேயே, சுமார் 30 டிகிரியில், அரத்தால் ராவினால் போதும். சவரக் கத்திபோலக் கூராக்க வேண்டியதில்லை, அந்த முனை சீக்கிரம் மடங்கிவிடும். கிரைண்டரில் வைத்து இரும்பு நீலம் பாய்ந்துவிட்டால் பதம் போய்விடும். ராவியதும் சுவரில் ஓர் ஆணி அடித்து, நடுத்துளையில் பிளேடைக் கிடைமட்டமாக மாட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் ராவ வேண்டும். எடை சமமில்லாத பிளேடு மோவரை உதறவைத்து, கிராங்க் ஷாஃப்டையே கெடுத்துவிடும். விரிசல் விட்ட, வளைந்த பிளேடைத் தட்டி நிமிர்த்தியும் வெல்டு வைத்தும் ஓட்டக் கூடாது. புதிது வாங்குவது ஒன்றே வழி.

ஆயிலை ஒவ்வொரு முறையும் பாருங்கள். புது எஞ்சினில் முதல் 5 மணி நேரம் ஓடியதும் ஒரு முறை, பிறகு ஏறக்குறைய 50 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுவது பொது வழக்கம். உங்கள் மாடலுக்குரிய கணக்கு கையேட்டில் இருக்கும். ஸ்பான்ஜ் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசலாம். காகித ஃபில்டரைத் தட்ட மட்டும் செய்யலாம். பெட்ரோல் விஷயத்தில் இப்போது கூடுதல் கவனம் தேவை. நம் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. இத்தகைய எஞ்சின்கள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் வரம்போ 10 சதவீதம். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரில் துரு ஏற்றும். ஒரு மாதம் ஓட்டப் போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து வையுங்கள்.

இவ்வளவையும் தோட்டக்காரர் தலையில் கட்டிவிடுவது நியாயமல்ல. ரப்பர் செருப்போடு அவர் மோவர் தள்ளுகிறார் என்றால், நல்ல ஷூ வாங்கிக் கொடுக்காத குடியிருப்போர் சங்கம்தான் அதற்குப் பொறுப்பு. ஷூ, கண்ணாடி, கையுறை, மாற்று பிளேடு ஒன்று, சாணை பிடிக்க மாதத்தில் அரைநாள் எல்லாம் சங்கத்தின் செலவுக் கணக்கில் வர வேண்டியவை. மழை பெய்த மறுநாள் காலையில் “புல் ஈரமாக இருக்கிறது, சரிவில் வழுக்கும், நாளைக்கு வெட்டுகிறேன்” என்று அவர் சொன்னால், சரி என்று சொல்ல வேண்டியதும் சங்கத்தின் வேலையே.