எண் திரியாது உரைத்தல்

கோடியக்கரை மீனவர்க்கு நாகைத் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயற்கூண்டின் எண் உயிர்க்காப்பாகும். ஒன்றெனின் தொலைவிற் புயலுண்டு, பத்தெனின் பேரபாயம். செய்தி கொணர்வோன் இடையே அவ்வெண்ணை மாற்றியுரைப்பின் விளைவு யாதாகும்? 2018 நவம்பர் 16இல் கஜாப் புயலைக் கண்ட கரையார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

கணிப்பொறியுள்ளும் இத்தகைய தூதர் உளர். கருவியொன்று, 'என்னைக் கவனி' எனச் செயலியை இடைமறித்து அழைக்கும் குறிப்பே குறுக்கீடு. கருவியை நடத்தும் இயக்கி என்னும் நிரல், தொடக்கத்திலேயே தன் குறுக்கீட்டெண்ணை இயங்குதளத்தினிடம் வேண்டும். கிட்டாவிடிற் பிழையெண் வரும். 'இல்லை' என்பதற்கு ஓரெண். 'இன்னும் ஆயத்தமில்லை, பின்னர் வருக' என்பதற்கு மற்றோரெண். லினக்ஸ் இயக்கிகள் சில, வந்த எண்ணை ஒழித்துத் தாம் விரும்பிய எண்ணையே மேலே அனுப்பின. 'பின்னர் வருக' என்னுஞ் சொல் மறையவே, மறுமுயற்சியின்றிக் கருவி செயலற்றுக் கிடக்கும்.

2019இல் வெளிவந்த லினக்ஸ் 5.4 பதிப்பில், எண்ணைத் தேடித்தரும் செயற்கூறொன்று பிழையைத் தானே அறிவிக்குமாறு அமைக்கப்பெற்றது. அதன்பின் இயக்கிகள் பலவற்றில் மிகையான அறிவிப்புக்கள் களையப்பட்டன.

இவற்றைச் சிறுபணியென இகழ்தல் தகாது என்பதே எம் கருத்து. வந்த பிழையை வந்தவாறே உரைத்தலும், தோல்வியுற்றவிடத்துப் பெற்றவற்றை எதிர்முறையில் திருப்பித் தருதலும் நிரலெழுதுவார் கடன். தூதுக்கென ஓரதிகாரமே வகுத்த குறளைப் பயிலும் நாம், நண்பர்காள், இதனை அயலார் நூலென்று ஒதுக்கலாமோ?